கடைவாய்ப் பல்லும் வாவிக்கரைப் பயமும்

“எவ்வளவு முடியும்?” “எவ்வளவு நோகும்?” ஞானப்பல்லைக் கழட்டவேண்டும் என்று வைத்தியர் சொல்லிவிட்டால் மட்டக்களப்பில் எழுகிற கேள்விகள் இந்த இரண்டும்தான். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஆரையம்பதியிலும் இதைத்தான் கேட்கிறார்கள், மேற்கே படுவான்கரையில் அம்பிளாந்துறையிலும் இதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் கேட்கவேண்டிய ஆளிடம் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெத்தாவிடம் கேட்கிறார்கள். பல்லுக் கழட்டி முகம் வீங்கிக் கிடந்த மச்சானிடம் கேட்கிறார்கள். கனடாவில் இருக்கும் சித்தியிடம் வட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். மச்சானின் கதை பயத்தைக் கூட்டுகிறது, சித்தி சொல்லும் டொலர்க் கணக்கு தலையைச் சுற்றவைக்கிறது. கடைசியில் இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு “மறுகா பாப்பம்” என்று படுத்துவிடுகிறார்கள்.

நம் பகுதியில் ஞானப்பல்லுக்காகச் சனம் கொடுக்கும் மிகப் பெரிய விலை அந்தத் தள்ளிப்போடல்தான். படுகிற வேதனையில் பெரும்பங்கும் அதனால்தான் வருகிறது. பல்லைக் கழட்டுகிற அரைமணி நேரத்தில் அல்ல, அதற்கு முன்னர் கழியும் மாதங்களிலும் வருடங்களிலும்தான் காசும் நிம்மதியும் கரைகின்றன.

பார்க்க ஆளில்லாத வயது

மற்றப் பற்கள் எல்லாம் தத்தம் இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு, பதினேழு வயதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் கடைசியாக வருவது ஞானப்பல். மேலே இரண்டு, கீழே இரண்டு. எல்லோருக்கும் நான்கும் வருவதில்லை. உலகெங்கும் நடந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015இலும் 2016இலும் வெளிவந்த இரண்டு தொகுப்புகளின்படி, ஐந்தில் ஒருவரைவிடச் சற்று அதிகமானோருக்கு ஒரு ஞானப்பல்லாவது பிறவியிலேயே இல்லை. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஒரு பல்லாவது தாடைக்குள் சிக்கிக் கிடக்கிறது. கீழ்த்தாடையில்தான் இந்தச் சிக்கல் அதிகம். நிமிர்ந்து வர இடமில்லாமல், துறையில் குறுக்கே நிற்கும் வள்ளம்போல முன்னால் இருக்கும் பல்லில் முட்டிக்கொண்டு அது படுத்திருக்கும்.

படுத்திருக்கும் பல் எல்லாம் நோவதில்லை. பாதி வெளியே, பாதி முரசுக்குள் என்று நிற்கும் பல்தான் ஆளைப் படுத்தும். அதன்மேல் முரசு ஒரு மடிப்பாக மூடிக் கிடக்கும். அந்த மடிப்புக்கு அடியில் சோற்றுப் பருக்கையும் மீன்முள்ளும் வெற்றிலைத் தும்பும் போய் அடைந்துகொள்ளும், பிரஷ் அங்கே எட்டாது. கிருமி பெருகி முரசு வீங்கும். வாயைத் திறக்க ஏலாது, எச்சில் விழுங்கினாலே காதுவரைக்கும் குத்தும், காய்ச்சலும் வரும். சில நாளில் தானாக அடங்கிவிடும். அடங்கியதும் ஆளும் மறந்துவிடும், வீடும் மறந்துவிடும். சில மாதம் கழித்துத் திரும்ப வரும்.

இதில் நம் நாட்டுச் சுகாதார அமைப்பின் ஒரு வெற்றிடமும் சேர்ந்துகொள்கிறது. பாடசாலைப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்க இலங்கையில் நல்லதோர் ஏற்பாடு உண்டு. நியூசிலாந்து முறையைப் பின்பற்றி 1950களில் மகரகமையில் பயிற்சி தொடங்கி உருவான பாடசாலைப் பற்சிகிச்சையாளர் சேவை, மூன்று வயதிலிருந்து பதின்மூன்று வயதுவரையான பிள்ளைகளைப் பார்க்கிறது. அதற்குப் பிறகு யாரும் வலிந்து கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்வதில்லை. ஞானப்பல் தாடைக்குள் திரும்புவதும் முட்டுவதும் அதற்குப் பின்னர்தான் நடக்கிறது. சாதாரண தரம், உயர்தரம், அதன்பின் கொழும்பில் ஒரு கடை வேலை, ஆடைத் தொழிற்சாலை, வயல், மீன்பிடி, கல்யாணம், வெளிநாடு என்று பிள்ளைகள் நாலாபக்கமும் சிதறும் வயது அது. அந்தப் பத்து வருடத்தில் ஒரேயொரு தடவை ஒரு பல் வைத்தியர் பார்த்திருந்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும் விஷயத்தை, முகம் வீங்கிய பிறகுதான் தெரிந்துகொள்கிறோம்.

மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகும் நம் பெண்களை நினைத்தால் மனம் பதறுகிறது. போவதற்கு முன் இரத்தம் எடுக்கிறார்கள், நெஞ்சை எக்ஸ்ரே பிடிக்கிறார்கள். பல்லை யாரும் கவனமாகப் பார்ப்பதில்லை. அங்கே போய் ஆறாம் மாதம் ஞானப்பல் வீங்கினால் வைத்தியரிடம் போவது வீட்டுக்காரரின் மனத்தைப் பொறுத்தது. அவர் கூட்டிப்போனாலும் காசு சம்பளத்தில் கழிபடலாம். பாசை தெரியாத இடத்தில், இரவு முழுக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்து விடிய எழும்பிச் சமைக்கவேண்டும். கடவுச்சீட்டு எடுக்கப் போகிற கிழமையிலேயே பல்லையும் ஒருமுறை காட்டிவிட்டால் இந்த வேதனையைத் தவிர்க்கலாம். தரகர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். தாய்மார் சொல்லவேண்டும்.

காசில்லாத சிகிச்சை, காசாகும் பயணம்

அரச வைத்தியசாலையில் பல்லுக் கழட்டக் காசு இல்லை. பார்ப்பது, எக்ஸ்ரே, விறைப்பு ஊசி, கழட்டுவது, தையல், கொடுக்கிற மருந்து எல்லாமே இலவசம். களுவாஞ்சிகுடி, காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைகளில் பற்சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. நேராக முளைத்த ஞானப்பல்லை அங்கேயே கழட்டிவிடலாம். எலும்புக்குள் புதைந்து கிடக்கும் பல்லை, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் இருக்கும் வாய், முகம், தாடைச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குத் துண்டு கொடுத்து அனுப்புவார்கள். மாவட்டத்தின் தென்கோடியில் இருப்பவர்களுக்குக் கல்முனை வைத்தியசாலைகள் கிட்ட.

இது சின்ன விஷயமல்ல. பணக்கார நாடுகள்கூடப் பல்லை இலவசத்துக்குள் வைக்கத் தயங்கியிருக்கின்றன. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை 1948இல் எல்லாமே இலவசம் என்று தொடங்கியது. மூன்றே வருடத்தில், 1951இல், பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் வந்தது. அந்தச் சேவையை உருவாக்கிய அமைச்சர் அனூரின் பெவன் அதை எதிர்த்துப் பதவியையே துறந்தார். கனடாவில் வைத்தியரைப் பார்க்கக் காசில்லை என்று பெருமையாகச் சொல்வோம். பல்லுக்கு அப்படி இல்லை. காப்புறுதி இல்லாதவர்களுக்கான அரச பல் பராமரிப்புத் திட்டம் அங்கே 2024இல்தான் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியது. சித்தி டொலரில் கணக்குச் சொல்வதன் காரணம் இதுதான். அவர் சொல்வது அவருடைய ஊருக்குச் சரி. மட்டக்களப்பு வாட்டில் நிற்பவர் அந்தக் கணக்கைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

அப்படியென்றால் சனம் ஏன் செலவுக்குப் பயப்படுகிறது? வாவியைப் பார்த்தால் விடை தெரியும். 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் இந்த நீர்ப்பரப்பின் கிழக்கே பெரிய வீதியும் பெரிய வைத்தியசாலைகளும். மேற்கே வயலும் குளமும் கால்நடையும், அவற்றை நம்பியிருக்கும் ஊர்களும். ஜப்பான் உதவியோடு கட்டிய மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துச் சனத்துக்கு வழி இலகுவாகியது. அதற்குத் தெற்கே, குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையிலும் குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் சனம் காலங்காலமாகப் ‘பாதை’ எனும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்திருக்கிறது. மழை பெருத்தால் பாதை நிற்கும், தரைவழியும் வெள்ளத்தில் போகும்.

வெல்லாவெளிப் பக்கத்தில் இருந்து ஒரு தாய் மகளைக் கூட்டிக்கொண்டு போதனா வைத்தியசாலைக்குப் போவதை எண்ணிப் பாருங்கள். விடியமுன் எழும்பவேண்டும். இரண்டு பேருக்கும் பஸ் காசு, தப்பினால் ஓட்டோக் காசு. நம்பர் எடுத்துக் காத்திருந்து, மத்தியானம் இரண்டு சோற்றுப் பார்சல். அன்றைய கூலி போய்விடும். அதோடு முடிவதில்லை. முதல்நாள் பார்த்து மருந்து எழுதுவார்கள், இன்னொரு நாள் எக்ஸ்ரே, கழட்டுவதற்கு வேறொரு திகதி, தையல் பார்க்க மறுபடியும் ஒரு நாள். சிகிச்சைக்கு ஒரு சதமும் கொடுக்காமலே ஒரு கிழமைக் கூலி கரைந்துவிடும். இலவச மருத்துவம் என்று நாம் பெருமைப்படும்போது இந்தக் கூலியையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கவேண்டும்.

அதனால்தான் பலர் தனியாரிடம் போகிறார்கள். அங்கே ஒரே நாளில் முடியலாம். ஆனால் விலை பல்லின் கிடையைப் பொறுத்தது. நேரான பல்லுக்கு ஒரு விலை, எலும்பைக் குடைந்து எடுக்கவேண்டிய பல்லுக்கு அதன் பல மடங்கு. முழுத்தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே, வைத்தியர் கட்டணம், சத்திரசிகிச்சை, மருந்து, திரும்பப் பார்ப்பது என்று தனித்தனியாகக் கூடும். 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்தபோது, வெளிநாட்டிலிருந்து வரும் விறைப்பு மருந்தும் ஊசியும் தையல்நூலும் சேர்ந்தே விலையேறின. ஆகவே தனியாரிடம் போகிறவர்கள் வெட்கப்படாமல் முதலிலேயே கேளுங்கள்: “எல்லாம் சேர்த்து எவ்வளவு வரும் டொக்டர்? எக்ஸ்ரேயும் அதுக்குள்ளயா? மறுகா நோ வந்தா திரும்பக் காட்டக் காசா?” கேட்டால் எந்த நல்ல வைத்தியரும் கோபிக்கமாட்டார்.

நகையை அடகு வைக்கவோ நுண்கடன் எடுக்கவோ போகுமுன் அரச வைத்தியசாலையில் ஒருமுறை காட்டுங்கள். கிழமைக் கட்டுக்காசுக்காரர் வாசலில் வந்து நிற்கும் வேதனையை இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பல்லுக்காக அந்தக் கடனில் விழவேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

இன்னொன்று, நேரத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம். முகம் வீங்கிய பிறகு ஓடினால் பல் நம் நாளைத் தீர்மானிக்கும், அது வயல் வெட்டு நேரமாகவோ வெள்ளக் காலமாகவோ இருக்கும். வலியில்லாத நேரத்தில் போனால், பெரும்போக வெட்டு முடிந்து சிறுபோக விதைப்புக்கு முந்திய ஓய்வில் ஒரு திகதி கேட்டு வாங்கலாம்.

நோ எங்கே, எவ்வளவு

பல்லைக் கழட்டும்போது வரும் வேதனையை ஒழிக்கத்தான் மயக்க மருந்து என்ற ஒன்றே மருத்துவத்துக்குள் வந்தது என்றுகூடச் சொல்லலாம். 1844 டிசம்பர் 11ஆம் திகதி, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஹொரஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியர் நைட்ரஸ் ஒக்சைட் வாயுவைச் சுவாசித்துவிட்டுத் தன் சொந்தக் கடைவாய்ப் பல்லையே தோழரான ஜோன் ரிக்ஸைக் கொண்டு பிடுங்குவித்தார். நோகவில்லை. அதன் பிறகு ஏறத்தாழ நூறு வருடம் கழித்து, 1943இல், சுவீடனின் நில்ஸ் லொஃப்கிரென் லிக்னோகெயினை உருவாக்கினார். அவரோடு வேலை செய்த பெங்ட் லுண்ட்குவிஸ்ட் அதைத் தன் உடலிலேயே ஏற்றிப் பார்த்தார். இன்று நம் வைத்தியசாலைகளில் முரசில் போடும் விறைப்பு ஊசி பெரும்பாலும் அந்த மருந்துதான்.

ஊசி குத்தும்போது நோகும், அதை மறைக்க ஒன்றுமில்லை. ஒரு சில விநாடி. பிறகு உதடும் நாக்கின் பாதியும் தடித்துப்போனதுபோல இருக்கும். கீழ்ப் பல்லுக்குச் சரியாக விறைக்க சில நிமிடம் எடுக்கும். புதைந்த பல் என்றால் முரசைச் சற்றுக் கீறி, மேலிருக்கும் எலும்பைக் கொஞ்சம் குடைந்து, பல்லைத் துண்டாக்கி ஒவ்வொன்றாக எடுப்பார்கள். பிறகு தையல். யந்திரத்தின் இரைச்சல் மண்டைக்குள் கேட்கும். தாடையை யாரோ அமுக்கித் தள்ளுவதுபோல இருக்கும். இந்த இடத்தில்தான் பலர் பயந்து எழும்புகிறார்கள். விறைப்பு மருந்து நோவைக் கடத்தும் நரம்பிழைகளை முதலில் அடைக்கும், அழுத்தத்தை உணரும் தடித்த இழைகளை முழுதாக அடைக்காது. ஆகவே அமுக்கம் தெரிவது இயல்பு. கூரான வலி தெரிந்தால் கையைத் தூக்குங்கள், மேலும் மருந்து போடுவார்கள். சகித்துக்கொண்டு கிடப்பதற்கு யாரும் பரிசு தருவதில்லை.

“எனக்கு ஊசி ஏறாது” என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் அமிலத்தன்மை கூடும், அங்கே லிக்னோகெயின் ஒழுங்காக வேலை செய்யாது. “முதல்ல வீக்கம் வத்தட்டும்” என்று வைத்தியர் மருந்தெழுதித் திருப்பி அனுப்புவதற்கு இது ஒரு காரணம். சனம் இதை அலைக்கழிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. மருந்து முடிய வீக்கம் வற்றும், நோவும் போய்விடும், அந்த ஆள் திரும்பிப் போகமாட்டார். அடுத்த வீக்கத்தில் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நோ அடங்கிய அந்த இரண்டு மூன்று கிழமைதான் பல்லை எடுக்க மிக நல்ல காலம் என்பதை வைத்தியசாலைகள் துண்டிலேயே பெரிதாக எழுதிக் கொடுத்தால் நல்லது.

வீடு வந்து விறைப்பு இறங்கும்போதுதான் உண்மையான நோ தொடங்கும். அது இறங்கும்வரை காத்திருக்காமல் முதல் மாத்திரையை முன்னரே போடவேண்டும். உலகில் வலி மாத்திரைகளின் பலத்தைச் சோதிக்க ஆய்வாளர்கள் அடிக்கடி தேர்ந்தெடுப்பது ஞானப்பல் கழட்டியவர்களைத்தான். அதனால் இந்த நோவைப் பற்றி மருத்துவத்துக்கு நன்றாகத் தெரியும். ஏழு ஆய்வுகளையும் 2,241 பேரையும் சேர்த்துப் பார்த்த 2013ஆம் ஆண்டின் கொக்ரேன் ஆய்வறிக்கை, பரசிட்டமோலையும் இபுபுரூஃபெனையும் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நன்றாகக் கேட்கிறது என்று காட்டியது. இரண்டும் விலை குறைந்த சாதாரண மாத்திரைகள். இதற்கு அபின்வகை மாத்திரை தேவையில்லை.

ஆனால் அளவு முக்கியம். பனடோல் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் கூடாது, அதற்கு மேல் போனால் ஈரல் பழுதாகும். குடற்புண், சிறுநீரக வருத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இபுபுரூஃபெனைக் கேட்காமல் போடக்கூடாது. நம் பகுதிக்கு இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். வடகீழ்ப் பருவமழையோடு மட்டக்களப்பில் டெங்கு கூடும். அந்த நாள்களில் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், அது பல்லால் வந்த காய்ச்சல்தான் என்று நாமாக முடிவெடுத்து இபுபுரூஃபெனையோ அஸ்பிரினையோ போடுவது உயிருக்கு ஆபத்து, இரத்தக்கசிவு வரலாம். முதலில் இரத்தத்தைச் சோதியுங்கள். மெட்ரோனிடசோல் எழுதியிருந்தால் சாராயம் தொடவே கூடாது. சீனி வருத்தம், பிரஷர், இரத்தத்தை இளக்கும் மருந்து எதுவாக இருந்தாலும் கழட்டுமுன் சொல்லிவிடுங்கள், அந்த மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் உச்சத்துக்கு வரும். அதைப் பார்த்து “பிழையாக் கழட்டிப்போட்டாங்க” என்று பதறவேண்டாம், பிறகு இறங்கும். முதல்நாள் கன்னத்தில் ஐஸ், கொப்பளிக்காமல் இருப்பது. அடுத்த நாளிலிருந்து இளஞ்சூட்டு உப்புத்தண்ணீர். ஆறிய கஞ்சி, குழைத்த சோறு, சொதியில் ஊறிய இடியப்பம், நம்மூர் எருமைத் தயிர் என்று சாப்பாட்டுக்குக் குறையில்லை. இளநீரை ஸ்ட்ரோ போட்டு உறிஞ்சவேண்டாம், குழியில் உறைந்த இரத்தக்கட்டி கழன்றுவிடும். சுருட்டும் சிகரெட்டும் வெற்றிலையும் ஒரு கிழமைக்காவது வாய்ப்பக்கம் வரக்கூடாது.

அந்த இரத்தக்கட்டி கழன்றால் மூன்றாம் நான்காம் நாளில் குழி உலர்ந்து, எலும்பு வெளித்தெரிந்து, காதுக்குள் இழுக்கிற மாதிரிக் கடுமையாக நோகும். மச்சான் சொன்ன பயங்கரக் கதை பெரும்பாலும் இதுதான். வீட்டிலிருந்து தாங்கவேண்டியதில்லை. திரும்பப் போனால் குழியைக் கழுவி மருந்து வைப்பார்கள், சிறிது நேரத்திலேயே ஆறுதல் வரும். அந்த மருந்தில் பெரும்பாலும் இருப்பது கராம்பின் சத்தான யூஜெனோல். பெத்தாமார் பல்லுக்குத்துக்குக் கராம்பை வைத்தது அறியாமையல்ல. ஆனால் கராம்பெண்ணெயை அப்படியே முரசில் ஊற்றினால் பொசுக்கிவிடும். பல்லில் புகையிலைத் துண்டை அடக்குவதும், மாத்திரையை முரசில் வைப்பதும் அப்படியே.

எல்லாப் பல்லையும் கழட்டத்தான் வேண்டுமா

வேண்டாம். அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பேரிடமிருந்து ஒரு கோடி ஞானப்பற்கள் கழட்டப்படுகின்றன என்றும், அவற்றில் மூன்றில் இரண்டு பங்காவது தேவையற்றவை என்றும் ஜே ஃபிரீட்மன் என்ற பல் வைத்தியர் 2007இல் எழுதினார். பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே, நோயில்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கைக்காகக் கழட்டுவதை நிறுத்தச் சொல்லிவிட்டது. இன்னமும் இதில் வைத்தியர்களுக்குள் வாதம் உண்டு. வயது ஏற ஏற எலும்பு இறுகி, வேர் முழுதாக வளர்ந்து, கழட்டுவது கடினமாகும் என்பதும் உண்மை. என் எண்ணம், நம்மைப் போன்ற இடத்துக்கு நடுவழிதான் பொருந்தும் என்பது. நோகாத, நோயில்லாத பல்லைக் காசு கொடுத்துக் கழட்டவேண்டாம், வருடத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும். இரண்டாம் தடவை வீங்கிய பல்லையும், முன்னால் இருக்கும் பல்லைச் சூத்தையாக்கத் தொடங்கிய பல்லையும் வைத்துக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

ஆபத்தே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். கீழ்த்தாடையில் உதட்டுக்கும் நாடிக்கும் உணர்வு தரும் நரம்பு இந்தப் பல்லின் வேருக்குப் பக்கத்தால் ஓடுகிறது. சிலருக்குக் கொஞ்சக்காலம் உதடு மரத்திருக்கும், மிகச் சிலருக்கு அது நிலைத்துவிடும். நரம்பு மிகக் கிட்ட இருந்தால் வேரை விட்டுவிட்டுப் பல்லின் மேற்பகுதியை மட்டும் வெட்டியெடுக்கும் முறையும் உண்டு. இதையெல்லாம் கழட்டுமுன் கேட்கவேண்டும், தமிழில் விளக்கச் சொல்லிக் கேட்கவேண்டும். மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் 1860களிலேயே மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு, விளங்காத பத்திரத்தில் கையெழுத்து வைக்கும்படி ஒரு நோயாளி விடப்படக்கூடாது.

வெற்றிலை போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். வாய் முழுதாகத் திறக்க ஏலவில்லை, ஆனால் வீக்கமும் இல்லை, நோவும் இல்லை, காரம் பட்டால் எரிகிறது என்றால் அது ஞானப்பல்லால் வந்ததல்லாமல் இருக்கலாம். பாக்கு வாயின் உட்தோலை இறுக்கி நாராக்கிவிடும், அது புற்றுநோய்க்கு முந்திய நிலை. வெற்றிலைக் கூட்டைப் புகையிலையோடும் புகையிலை இல்லாமலும் புற்றுநோய் தரும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே அறிவித்துவிட்டது. இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். பல்லுக்காகப் போகும்போது வாயின் மற்றப் பகுதிகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சில அறிகுறிகளுக்குக் காலையாகும்வரை காத்திருக்கக்கூடாது. தாடைக்குக் கீழே கழுத்துப்பக்கம் வீக்கம் இறங்குவது, நாக்கு மேலே தள்ளப்படுவது, எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, குரல் மாறுவது, மூச்சுத் திணறுவது. ஜேர்மன் வைத்தியர் லுட்விக் 1836இல் விவரித்த இந்த நிலை இன்றும் ஆளைக் கொல்லும். இரவென்றாலும் வாகனம் பிடித்து வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

ஆனால் போகிற இடத்தில் மருந்தும் இருக்கவேண்டும். 2022 மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால் அவசரமல்லாத சத்திரசிகிச்சைகளை நிறுத்தவேண்டி வந்தது. பல் வைத்தியர்களை உருவாக்கும் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரிலேயே அந்த நிலை. இலவச மருத்துவம் தானாக நிலைத்து நிற்காது, அதைக் கேட்டுப் பெற்றுக் காக்கவேண்டும். ஆகவே மாகாணச் சுகாதார அதிகாரிகளிடம் மூன்று விஷயம் கேட்கிறேன். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரேயொரு தடவையாவது பல் பரிசோதனை நடத்துங்கள். மகிழடித்தீவு, பழுகாமம், மண்டூர், கரடியனாறு போன்ற வைத்தியசாலைகளுக்கு மாதத்தில் ஒருநாளாவது தாடைச் சத்திரசிகிச்சைப் பிரிவின் குழு வந்து, யாருக்குக் கழட்டவேண்டும் என்று அங்கேயே முடிவெடுத்துத் திகதி கொடுக்கட்டும். தூரத்திலிருந்து வருபவருக்கு எக்ஸ்ரேயையும் சிகிச்சையையும் முடிந்தவரை ஒரே நாளில் வையுங்கள்.

வாசிக்கிற உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் கடைவாய் இரண்டு தடவை வீங்கி அடங்கிய ஒருவர் இருந்தால், இப்போது நோவில்லை என்று விட்டுவிடாதீர்கள். இந்தக் கிழமையே கிட்ட இருக்கிற ஆதார வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போய் ஒரு நம்பர் எடுங்கள்.